பிள்ளையின் அறைச் சுவருக்கு எந்த உலகப்படம்?

அண்ணன் வீட்டில் வெள்ளையடித்து முடித்தபோது, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளின் அறையில் ஒரு சுவரை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். நல்ல அகலம், ஐந்தடிக்குக் குறையாது. "இதுல ஒரு உலக மேப் மாட்டணும், நீயே பார்த்து வாங்கிட்டு வந்துடு" என்றார் அண்ணன். 12 வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். கடைக்காரர் மேசைமேல் இரண்டு சுருள்களை விரித்தார். இரண்டிலும் அதே கண்டங்கள், ஏறத்தாழ அதே நிறங்கள். ஆனால் ஒன்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. மற்றதில் அதில் பாதிகூட இல்லை. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல எது நெஜம்? கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டாள்.

சின்னது. இந்தியாவின் பரப்பு சுமார் 32.9 லட்சம் சதுர கி.மீ. கிரீன்லாந்து 21.7 லட்சம்தான். ஆப்பிரிக்கா 3 கோடியைத் தாண்டும். பரப்பளவில் அது 14 கிரீன்லாந்துக்குச் சமம். அன்றைக்கு எதையும் வாங்காமல் திரும்பிவிட்டோம். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, என்னென்ன படங்கள் இருக்கின்றன, எது எதைச் சரியாகக் காட்டுகிறது, எதைக் கெடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பிள்ளைக்கு உலகப்படம் வாங்கப்போகிற மற்றவர்களுக்கும் இது பயன்படும்.

சாத்துக்குடித் தோல்

ஒரு சாத்துக்குடியைக் கிழியாமல் உரித்து, தோலை மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரங்கள் பிளக்கும். பிளக்காமல் தட்டையாக்க வேண்டுமானால் எங்கேயோ இழுக்க வேண்டும், எங்கேயோ நசுக்க வேண்டும். உருண்டையின் மேற்பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக்கவே முடியாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை கார்ல் பிரெடரிக் காஸ் 1827ல் நிரூபித்துவிட்டார். அதனால் "சரியான உலகப்படம்" என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். உருண்டையின் அட்சக்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் தாளுக்குக் கொண்டுவரும் முறையைப் பாடநூலில் கோட்டுச்சட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுச்சட்டமும் பரப்பு, வடிவம், திசை, தூரம் ஆகியவற்றில் ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விட்டுக்கொடுக்கிறது. எதை விட்டுக்கொடுத்தால் நம் பிள்ளைக்குப் பரவாயில்லை என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை என்னென்ன கேட்கும்? எது எங்கே இருக்கிறது, எது பெரிசு, அங்கே ஏன் பனி, இங்கே ஏன் வெயில், இங்கிருந்து அங்கே எப்படிப் போவது. கப்பல் ஓட்டும் கேள்விகள் அதில் வராது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மெர்க்கேட்டர்: கடலோடிகளின் படம்

கிரீன்லாந்து ஊதியிருந்த அந்தப் படம் மெர்க்கேட்டர் முறையில் வரைந்தது. பிளெமிஷ் வரைபடக்காரர் ஜெரார்டஸ் மெர்க்கேட்டர் 1569ல் 18 தாள்களில் இதை அச்சிட்டார். கடலோடிகளுக்காகச் செய்த படம் என்பதை அதன் தலைப்பிலேயே சொல்லியிருந்தார். திசைகாட்டியில் ஒரே கோணத்தை வைத்துக்கொண்டு கப்பல் போனால், அந்தப் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, கோணத்தை அளந்து, அப்படியே சுக்கானைப் பிடிக்கலாம். கடலோடிக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வேலைக்கு இது அருமையான படம். குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் கோணத்தைக் காப்பாற்ற அது கொடுத்த விலை பெரிது. உருண்டையில் தீர்க்கக்கோடுகள் எல்லாம் துருவத்தை நோக்கி நெருங்கி ஒரு புள்ளியில் சேர்கின்றன. மெர்க்கேட்டரில் அவை கடைசிவரை இணையாகவே நிற்கும். அதாவது வடக்கே போகப்போக நிலத்தைக் கிழக்கு மேற்காக இழுத்தாக வேண்டும். வடிவம் கெடாமல் இருக்க அதே அளவு வடக்கு தெற்காகவும் இழுத்தாக வேண்டும். 60 டிகிரி அட்சத்தில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் பரப்பு பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. துருவத்தை இந்தப் படத்தில் காட்டவே முடியாது, அது முடிவில்லாத தூரத்துக்குப் போய்விடும்.

நம் ஊரை வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கி.மீ. ஐஸ்லாந்து சுமார் 1,03,000. நம் மாநிலம்தான் பெரிசு. மெர்க்கேட்டர் படத்தில் ஐஸ்லாந்து நம்மைவிட நாலு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். அலாஸ்காவும் பிரேசிலும் அண்ணன் தம்பி போல இருக்கும். உண்மையில் பிரேசில் ஐந்து மடங்கு. மடகாஸ்கர் பிரிட்டனைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிசு என்று சொன்னால் படித்தவர்களே நம்பத் தயங்குகிறார்கள். சின்ன வயதில் சுவரில் பார்த்த படம்தான் அதற்குக் காரணம். சஹாரா பாலைவனம் மட்டுமே ஏறத்தாழ 90 லட்சம் சதுர கி.மீ., கிட்டத்தட்ட கனடா அளவு. மெர்க்கேட்டரில் கனடா எவ்வளவு பெரிசாக விரிந்து கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது தட்பவெப்பம்தான். 60 டிகிரி அட்சக்கோட்டின் சுற்றளவு பூமத்திய ரேகையில் பாதி: 40,000 கி.மீ.க்குப் பதில் 20,000. அந்தப் பாதியை முழுசாக இழுப்பதால்தான் மெர்க்கேட்டரில் இரண்டு மடங்கு வருகிறது. இப்போது வெயிலைப் பாருங்கள். மார்ச் 21 வாக்கில் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், பூமத்திய ரேகையில் நண்பகல் வெயில் நேர் தலைமேல் விழும். அதே நேரத்தில் அதே கற்றை 60 டிகிரியில் சாய்ந்து விழுந்து இரண்டு மடங்கு நிலத்தில் பரவும். அதனால் ஒரு சதுர அடிக்குக் கிடைக்கும் வெயில் பாதி. ஆஸ்லோ, ஹெல்சிங்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கின்றன. வெயிலைப் பாதியாக்குவதும் படத்தில் நிலத்தை ஊதவைப்பதும் ஒரே வளைவின் ஒரே கணக்கு. ஆக, வெயில் எங்கெல்லாம் மெலிகிறதோ அங்கெல்லாம் மெர்க்கேட்டர் நிலத்தைப் பெருக்குகிறது. இந்தப் படத்தில் காலநிலை மண்டலங்களுக்கு வண்ணம் தீட்டினால், உலகத்தில் பெரும்பகுதி பனியும் ஊசியிலைக் காடும் என்றுதான் பிள்ளைக்குப் படும். மழைக்காடும் சவன்னாவும் இடுப்பில் கட்டிய நாடா போல ஒடுங்கிவிடும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? தீர்க்கக்கோடுகள் நெட்டுக்குத்தாக, இணையாக இருக்கும். அட்சக்கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மேலே போகப்போக அதிகரிக்கும். விரலால் அளந்து பார்த்தாலே போதும். மில்லர் என்பவர் 1942ல் கொடுத்த முறை இதற்குக் கொஞ்சம் தணிந்த உறவுக்காரர். அதில் துருவம்வரை காட்டியிருக்கும், வீக்கமும் குறைவு. ஆனால் வீக்கம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டையும் பிள்ளையின் சுவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பீட்டர்ஸ்: பரப்புக்காக வடிவத்தைக் கொடுத்த படம்

ஜெர்மானிய வரலாற்றாளர் ஆர்னோ பீட்டர்ஸ் 1973ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மெர்க்கேட்டர் படம் ஐரோப்பாவைப் பெரிதாக்கி வெப்பமண்டல நாடுகளைச் சிறிதாக்குகிறது, இதோ மாற்று என்று ஒரு படத்தைக் காட்டினார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855லேயே சொன்ன முறைதான் அது. ஆனால் உலகம் முழுக்கப் பேச வைத்தவர் பீட்டர்ஸ். 2017ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் இந்தப் படத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது மறுபடியும் பெரிய விவாதம் நடந்தது.

பீட்டர்ஸின் ஆதங்கம் நியாயமானது. நம் நாட்டை, ஆப்பிரிக்காவை அவற்றின் அளவுக்குக் காட்டு என்று கேட்பதில் என்ன தப்பு? இந்தப் படத்தில் ஒவ்வொரு நாட்டின் பரப்பும் சரியான விகிதத்தில் இருக்கிறது. ஆனால் வடிவம் சரியாக இருப்பது 45 டிகிரி அட்சத்தில் மட்டும்தான்: பிரான்சின் தென்பகுதி, வட இத்தாலி, அமெரிக்க கனடா எல்லைப் பக்கம். பூமத்திய ரேகையில் எல்லாமே அகலத்தைவிட உயரத்தில் இரண்டு மடங்கு நீண்டுவிடும். ஆப்பிரிக்கா கொடியில் காயப்போட்ட ஈரத்துணி போலத் தொங்கும். தமிழ்நாடும் இலங்கையும் ஏறத்தாழ அதே கதிதான். எந்த நாடுகளுக்காக அந்தப் படம் வாதாடியதோ அவற்றின் முகமே அதில் மாறிப்போகிறது. பாடநூலில் இந்தியாவின் வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளும் வயதில் ஒரு பிள்ளைக்கு இதை மாட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். கல்லூரி வகுப்பில், மெர்க்கேட்டருக்குப் பக்கத்தில் மாட்டி விவாதிக்க நல்ல படம்.

ராபின்சன், விங்கல்

செவ்வகத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி. 1989ல் அமெரிக்காவின் புவியியல், வரைபட அமைப்புகள் சில ஒன்றுசேர்ந்து, பொதுவான உலகப்படங்களுக்குச் செவ்வகக் கோட்டுச்சட்டம் வேண்டாம் என்று பதிப்பாளர்களையும் ஊடகங்களையும் கேட்டுக்கொண்டன. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1988ல், நேஷனல் ஜியாகிரஃபிக் ராபின்சன் படத்துக்கு மாறியிருந்தது. ஆர்தர் ராபின்சன் 1963ல் இதை உருவாக்கினார். அவர் முதலில் சூத்திரம் எழுதவில்லை; கண்டங்கள் பார்க்க எப்படி இருந்தால் சரியாகப் படும் என்று மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்து அளவுகளைத் தீர்மானித்தார். பரப்பும் முழுக்கச் சரியில்லை, வடிவமும் முழுக்கச் சரியில்லை, இரண்டிலும் தப்பு கொஞ்சம் கொஞ்சம்.

1998ல் நேஷனல் ஜியாகிரஃபிக் அதையும் விட்டு விங்கல் டிரிப்பலுக்குப் போனது. ஆஸ்வால்ட் விங்கல் என்ற ஜெர்மானியர் 1921ல் தந்த முறை. டிரிப்பல் என்றால் மூன்று: பரப்பு, திசை, தூரம் மூன்றிலும் பிழையைக் குறைக்க முயன்றார். இதில் அட்சக்கோடுகளே லேசாக வளைந்திருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். ராபின்சனில் அவை நேராக இருக்கும்.

போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள், தலைநகரங்களையும் நீரிணைகளையும் இடம் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் இந்த இரண்டில் எது பெரிய அளவில் கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம். தாராளமாகப் போதும். எங்கள் கடைக்காரர் விரித்த இரண்டாவது சுருள் ராபின்சன்தான். வேறு எதுவும் கிடைக்காமல் போயிருந்தால் அதையே எடுத்து வந்திருப்பேன்.

ஈக்வல் எர்த்

2018ல் போயான் ஷாவ்ரிச், டாம் பேட்டர்சன், பெர்னார்ட் ஜென்னி என்ற மூன்று வரைபடவியலாளர்கள் ஒரு புதுக் கோட்டுச்சட்டத்தை வெளியிட்டார்கள். பீட்டர்ஸ் படம் பற்றி மறுபடி எழுந்த விவாதம்தான் அவர்களை இதில் இறக்கியது. பார்க்க ராபின்சன் போல இதமாக இருக்க வேண்டும், ஆனால் பரப்பு பீட்டர்ஸ் போலத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். ஓரங்கள் வளைந்து, அட்சக்கோடுகள் நேராக ஓடும். ஆப்பிரிக்கா கொஞ்சம் நீண்டு தெரிந்தாலும் முகம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்க்கேட்டரைக் கைவிடக் கோரும் இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்தது. அந்த இயக்கம் மாற்றாக முன்வைப்பது இந்தப் படத்தைத்தான்.

இயற்கை அமைப்பும் காலநிலையும் பார்க்க எனக்குப் பிடித்த சுவர்ப்படம் இதுதான், காரணம் எளிது. பாலைவனம் எவ்வளவு, மழைக்காடு எவ்வளவு, பனிப்பாலை எவ்வளவு என்பது பரப்பைப் பற்றிய கேள்வி. பரப்பு பொய்யாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இந்தப் படத்தில் ஆப்பிரிக்காவைப் பாருங்கள்: மேலே சஹாரா, நடுவில் காங்கோவின் பச்சை, கீழே மறுபடி கலஹாரி, நமீப். பூமத்திய ரேகையில் மேலே எழும் ஈரக்காற்று மழையாகக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் இருபுறமும் 30 டிகிரி வாக்கில் கீழே இறங்குவதால் வரும் அடுக்கு அது. வடக்கேயும் தெற்கேயும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒத்திருப்பதை அளவு கெடாத படத்தில் பார்க்கும்போது, சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைக்குக் கேள்வி வரும்.

இன்னொரு வசதி, இதன் பெரிய சுவர்ப்படத்தை உருவாக்கியவர்களே இலவசமாகத் தருகிறார்கள். இணையத்தில் இறக்கி, பேனர் அச்சடிக்கும் கடையில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்கா நடுவில், அமெரிக்கா நடுவில், பசிபிக் நடுவில் என்று மூன்று விதம் உண்டு.

குறையும் உண்டு. பெயர்கள் தமிழில் கிடையாது. அப்புறம், வெளிநாட்டில் தயாராகும் படங்களில் காஷ்மீர்ப் பக்கத்து எல்லைக்கோடுகள் பெரும்பாலும் நம் பாடநூலில் இருப்பதுபோல இருக்காது. இந்தியாவில் வெளியிடும் வரைபடம் இந்திய நில அளவைத் துறையின் எல்லைகளோடு ஒத்திருக்க வேண்டும். வீட்டுச் சுவரானாலும், தேர்வில் பிள்ளை எந்த வடிவத்தை வரைய வேண்டுமோ அதையும் அது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கோ நூலகத்துக்கோ மாட்டுவதானால் இதை முதலிலேயே கவனியுங்கள்.

உருண்டை

இத்தனை தாள்களையும் பார்த்த பிறகு உலக உருண்டையைக் கையில் எடுத்தால், பரப்பு, வடிவம், திசை, தூரம் நாலும் அதில் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும். வேறு எந்தப் படத்தாலும் இது முடியாது.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எந்தப் பக்கம் போவது என்று எந்த மாணவரையும் கேளுங்கள். சுவர்ப்படத்தைப் பார்த்து கிழக்கே பசிபிக்கைத் தாண்டி என்பார்கள், அல்லது மேற்கே அட்லாண்டிக்கைத் தாண்டி. உருண்டையில் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் அது வடக்கே சற்றுக் கிழக்காகச் சாய்ந்து ஏறி, ஆர்க்டிக் வட்டத்தை லேசாகத் தாண்டி மறுபக்கம் இறங்கும். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தது. அந்தச் செய்தியைச் சுவர்ப்படத்தில் விளக்க முடியாது. நூலில் ஒரு நிமிஷம்.

பசிபிக் பெருங்கடலும் அப்படித்தான். உலகத்தின் நிலப்பரப்பை எல்லாம் சேர்த்தாலும் அதைவிடப் பசிபிக் பெரிசு. நாம் வழக்கமாகப் பார்க்கும் படங்களில் அது இரண்டாக வெட்டுப்பட்டு, ஒரு பாதி இடது ஓரத்திலும் மறு பாதி வலது ஓரத்திலும் கிடக்கிறது. பெருவின் கரையும் இந்தோனேசியாவும் ஒரே கடலின் இரண்டு கரைகள் என்பதே தோன்றாது. எல் நினோ என்றால் அந்தக் கடலின் வெந்நீர் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்வது; நம் பருவமழையையும் அது தொடுகிறது. உருண்டையைத் திருப்பிப் பசிபிக்கை முகத்துக்கு நேரே வைத்தால், ஓரத்தில் கொஞ்சம் தவிர நிலமே கண்ணில் படாது. அதைப் பார்த்தபிறகு எல் நினோவைச் சொல்லிப் பாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

வெயில் பாடமும் இதில்தான். இருட்டு அறையில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால், பூமத்திய ரேகையில் வெளிச்சம் குறுகலாக, அடர்த்தியாக விழும்; மேலே நார்வே பக்கம் நீண்டு மங்கிப்போகும். அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், உருண்டையை டார்ச்சின் இந்தப் பக்கம் வைத்தால் வட துருவம் சுழலச் சுழல வெளிச்சத்திலேயே இருக்கும், அந்தப் பக்கம் வைத்தால் இருட்டிலேயே இருக்கும். ஆறு மாதப் பகல், ஆறு மாத இரவு என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். டார்ச் அடித்துக் காட்டிய வருஷம்தான் "ஓ!" என்று ஒரு சத்தம் வந்தது.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். கையடக்க உருண்டை அலங்காரத்துக்குத்தான். 30 சென்டிமீட்டர் விட்டம் நல்லது. அதில் 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 425 கி.மீ. இலங்கையின் நீளம் ஏறத்தாழ அந்த ஒரு சென்டிமீட்டர்தான். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஒன்றரை. மாவட்டமோ ஆறோ தேட முடியாது என்பது இதன் பெரிய குறை. ஒரே பார்வையில் பாதி உலகம்தான் தெரியும் என்பது இன்னொரு குறை. இந்த இரண்டுக்காகத்தான் சுவர்ப்படமும் வேண்டியிருக்கிறது.

மலைகள் புடைத்திருக்கும் உருண்டைகளும் விற்கிறார்கள், விலையும் கூடுதல். எவரெஸ்ட் 8,849 மீட்டர். 30 சென்டிமீட்டர் உருண்டையில் அது 0.2 மில்லிமீட்டர்தான் வரும், ஒரு தபால் அட்டையின் தடிமன். விரலில் தட்டவே தட்டாது. புடைப்பு நாலு மில்லிமீட்டர் இருந்தால் உண்மையைவிட 20 மடங்கு உயர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் 1802ல் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் பின்னால் வடக்கே நீண்டு எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்னது. அவ்வளவு பாடுபட்டு அளந்த உயரத்தை இப்படி ஊதிக்காட்ட வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். ஆனால் கண் தெரியாத பிள்ளைக்கு அந்தப் புடைப்பு கிடைத்தற்கரிய பாடம். மற்றவர்களுக்கு வழவழப்பான உருண்டை போதும். இமயமலை எங்கே, ஆண்டிஸ் எங்கே என்பதை நிறம் காட்டிவிடும்.

"போன்லயே எல்லாம் இருக்கே"

அண்ணன் கேட்டது இது. இருக்கிறதுதான். கூகுள் எர்த்தில் திபெத் பீடபூமியின் விளிம்பிலிருந்து கங்கைச் சமவெளிக்கு இறங்கிப் பார்ப்பது போன்ற அனுபவம் எந்தத் தாளிலும் கிடையாது. தெரு தேடும் வரைபடங்கள் மெர்க்கேட்டர் முறையில் இருப்பதற்கும் நியாயமான காரணம் உண்டு: கோணம் கெடாததால் தெருமுனைகள் தெருமுனைகளாகவே தெரியும். கணினியில் கூகுள் மேப்ஸை முழுக்கச் சுருக்கினால் 2018லிருந்து உருண்டையாகிவிடுகிறது, அதுவும் நல்ல மாற்றம்.

ஆனால் போனில் நாம் தேடியதுதான் வரும். சுவரில் இருக்கும் படம் தேடாதபோதும் கண்ணில் படும். தலை வாரும்போது, ஷூ மாட்டும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்த்துப் பார்த்துத்தான் உலகம் மனதில் இடம்பிடிக்கிறது. கம்சாட்கா, படகோனியா என்ற பெயர்கள் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின. அதனால் போனைத் துணைக்கு வைத்துக்கொள்வோம், சுவருக்குப் பதிலாக வேண்டாம் என்றேன்.

நாங்கள் வாங்கியது

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் உருண்டையைத்தான் சொல்வேன். சுவருக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடிந்தால் பரப்பு சரியாக உள்ள படம், அதிலும் நாடுகளுக்கு வண்ணம் தீட்டிய அரசியல் படத்தைவிட மலை, பீடபூமி, சமவெளி, கடலடி தெரியும் இயற்கை அமைப்புப் படம். நாடுகளின் பெயரைப் பள்ளி எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும். அந்த எல்லைகள் ஏன் அந்த மலையில் நிற்கின்றன, ஊர்கள் ஏன் அந்த ஆற்றோரம் குவிகின்றன என்பதை நிலத்தைப் பார்த்தால்தான் யோசிக்க முடியும்.

30 சென்டிமீட்டரில் வழவழப்பான உருண்டை ஒன்று வாங்கினோம். சுவருக்கு ஈக்வல் எர்த் இயற்கைப் படத்தை அச்சடித்தோம். முதல் பிரதியைப் பளபளப்புத் தாளில் அடித்துவிட்டதால் டியூப்லைட் வெளிச்சம் இந்தியப் பெருங்கடலில் விழுந்து கண்ணைக் கூசியது. மங்கலான தாளில் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆணியையும் பெரியவர்களின் உயரத்துக்கு அடிக்காமல், பூமத்திய ரேகை அவள் கண்ணுக்கு நேரே வரும்படி அடித்தோம். பக்கத்தில் நில அளவைத் துறையின் இந்திய வரைபடம் ஒன்று சின்னதாக மாட்டியிருக்கிறோம். கடல்களுக்கும் கண்டங்களுக்கும் பாடநூலில் உள்ள தமிழ்ப் பெயர்களை வெள்ளைச் சீட்டில் எழுதி அவளே ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பசிபிக் வரை வந்திருக்கிறது. அது இரண்டு ஓரத்திலும் இருப்பதால் இரண்டு சீட்டு எழுதினாள், இரண்டிலும் ஒரே பெயரை.